துண்டு யார் கையில்?

நம் ஊரில் ஒரு துண்டுக்குத்தான் எத்தனை வேலை! வியர்வை துடைக்கலாம். வெயிலுக்குத் தலையில் கட்டலாம். கோயில் வாசலில் இடுப்புக்கு இறக்கலாம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு ரிசர்வேஷன் செய்யலாம். காலை நேரத்தில் எங்கள் அண்ணனூர் ரயில் நிலையத்துக்கு வந்து பாருங்கள். ஆவடியிலிருந்து வரும் வண்டி சரியாக நிற்பதற்கு முன்பே ஜன்னல் கம்பி வழியாகத் துண்டைச் செருகி சீட் பிடிக்கும் வித்தைக்காரர்கள் இருக்கிறார்கள்.

குத்துச்சண்டை மேடையில் துண்டுக்கு இன்னொரு வேலை உண்டு. எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை அதுதான். 'என் ஆள் இதற்கு மேல் அடி வாங்க வேண்டாம், தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள்' என்று மூலையில் நிற்பவர் மேடைக்குள் துண்டை வீசுவார். அதோடு சண்டை முடிந்தது. கவனியுங்கள், அடி வாங்குகிறவர் கையில் அந்தத் துண்டு இருப்பதில்லை. வெளியே நிற்பவர் கையில்தான் இருக்கும்.

இது ஏன் அப்படி என்று போன மாதம் ரயிலடி டீக்கடையில் யோசிக்க வேண்டி வந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரி முதல் வருடம் படிக்கிறான். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்ததிலிருந்து அவனுக்கு பாக்ஸிங் பைத்தியம். இப்போது நிஜமாகவே கற்றுக்கொள்கிறான். கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் செல்போன். "அங்கிள், இதைப் பாருங்க" என்று காட்டினான். முகமது அலியும் லாரி ஹோம்ஸும் மோதிய 1980-ம் வருடத்துச் சண்டை. சண்டை என்று சொல்வதுகூடத் தப்பு. ஒருவர் அடிக்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். வாங்குகிறவர் அலி.

"இந்த வயசுல இவர் எதுக்குடா திரும்பி வந்தார்? யாராவது தடுத்திருக்கணும்" என்றேன்.

பையன் சட்டென்று திரும்பினான். "ஏன் அங்கிள் தடுக்கணும்? அவர் உடம்பு, அவர் இஷ்டம். யாரும் கையைக் கட்டி இழுத்துட்டுப் போகலையே?"

டீ மாஸ்டர்கூட கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் வரவில்லை. நியாயமான கேள்விதானே?

அந்த வருடம் ஜனவரி இறுதியில் அலி இந்தியாவுக்கு வந்தார். நம் சென்னைக்கும் வந்தார். எம்.ஜி.ஆர். அப்போது முதலமைச்சர். நேரு ஸ்டேடியத்தில் மேடை போட்டு, அலியும் ஜிம்மி எல்லிஸும் காட்சிச் சண்டை போட்டார்கள். எல்லிஸும் முன்னாள் உலக சாம்பியன்தான். இருவருக்கும் ஒரே ஊர், அமெரிக்காவின் லூயிவில். சின்ன வயதிலிருந்தே ஒருவரை ஒருவர் அடித்துப் பழகிய நண்பர்கள்.

அப்போது எனக்கு இரண்டு வயது. அப்பாவுக்கு முப்பத்துமூன்று. அம்பத்தூரில் ஒரு ஃபோர்ஜிங் ஷாப்பில் வேலை. அரை நாள் லீவு போட்டு, அம்பத்தூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ஸ்டேடியத்துக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தக் கதையை வாழ்நாள் முழுக்கச் சொன்னார். "கையைவிட காலைத்தான்டா பார்க்கணும். அவ்வளவு பெரிய ஆளு, தரையில பாவாம நடக்கிறான்" என்பார்.

அப்பா பார்த்தது ஓய்வு பெற்ற அலியை. 1979-லேயே அலி ஓய்வை அறிவித்துவிட்டார். வயது முப்பத்தெட்டு. சம்பாதிக்க வேண்டிய புகழை எல்லாம் சம்பாதித்தாகிவிட்டது. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 1964-ல் சன்னி லிஸ்டனை வீழ்த்தி உலக சாம்பியன். 1967-ல் வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மறுத்துப் பட்டத்தை இழந்தார், மூன்றரை வருடம் மேடை ஏற முடியவில்லை. திரும்பி வந்து 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனைச் சாய்த்து மறுபடி சாம்பியன். 1978-ல் மூன்றாவது முறையும்.

கதை அங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சென்னை வந்துபோன எட்டே மாதத்தில், 1980 அக்டோபர் 2 அன்று, லாஸ் வேகாஸில் ஹோம்ஸுக்கு எதிராக மேடை ஏறினார். ஹோம்ஸ் வேறு யாருமல்ல, ஒரு காலத்தில் அலியோடு பயிற்சிச் சண்டை போட்டு வளர்ந்தவர். ஒப்பந்தப்படி அலிக்கு 80 லட்சம் டாலர். அதற்கு முன்னால் மேயோ கிளினிக்கில் டாக்டர்கள் பரிசோதித்தார்கள். பேச்சில் லேசான குழறல், ஒற்றைக்காலில் குதிக்கும்போது தடுமாற்றம் என்றெல்லாம் இருந்தும் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. காகிதம் சரியாக இருந்தால் போதுமே!

பத்து ரவுண்டு. ஒரு ரவுண்டைக்கூட அலி ஜெயிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போதும் என்றார். அன்று துண்டு பறக்கவில்லை, நடுவரிடம் வாயால் சொன்னார். அலியின் மூலையிலேயே இன்னொருவர், இன்னும் ஒரு ரவுண்டு விடச் சொல்லிக் கெஞ்சினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். பிறகு அலியின் அறைக்கே தேடிப்போய்ப் பார்த்தார்.

அதோடும் விடவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸ் தீவில் ட்ரெவர் பெர்பிக்குடன் இன்னொரு சண்டை. ரவுண்டு ஆரம்பிக்க அடிக்கும் மணிகூட ஒழுங்காக ஏற்பாடு செய்யவில்லை. எங்கிருந்தோ ஒரு மாட்டு மணியைக் கொண்டுவந்து அடித்தார்கள். அதிலும் தோல்வி. மொத்தம் 61 சண்டை, 56 வெற்றி, 5 தோல்வி என்று கணக்கு முடிந்தது. 1984-ல் பார்க்கின்சன் பாதிப்பு என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடம் அந்த நடுக்கத்தோடு வாழ்ந்து, 2016 ஜூன் 3 அன்று இறந்தார்.

நேரு ஸ்டேடியத்தில் எதிரே நின்ற எல்லிஸ்? கண்ணில் பட்ட அடியால் 1975-லேயே ஓய்வு பெற்றவர் அவர். கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப்போய் 2014-ல் இறந்தார். அப்பா டிக்கெட் எடுத்துப் பார்த்தாரே அந்த இருவரையும், இருவரையுமே மூளையில் வந்த நோய்தான் கடைசியில் சாய்த்தது.

அலிக்குப் பார்க்கின்சன் வந்ததற்குக் குத்துகள்தான் காரணம் என்று எல்லா டாக்டர்களும் ஒரே குரலில் சொல்வதில்லை. ஆனால் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளைக்கு ஆகாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகமில்லாத ஒருவர் அலிக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஃபெர்டி பச்சேகோ, அலியின் டாக்டர். 1977-ல் எர்னி ஷேவர்ஸோடு நடந்த சண்டைக்குப் பிறகு, அலியின் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும் பரிசோதனை அறிக்கை அவர் கைக்கு வந்தது. அதை அலிக்கு, அலியின் மனைவிக்கு, மேனேஜருக்கு என்று கடிதத்தோடு அனுப்பினார். ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. பச்சேகோ மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதில் ஏன் வரவில்லை? நான் பி.காம். படித்தவன். எனக்கு இதைக் கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது.

முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். ஒரு மெஷின் வாங்கினால், வருடா வருடம் அதன் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்து எழுத வேண்டும். ஓட ஓடத் தேய்கிறதல்லவா? அதைக் கழிக்காமல் லாபம் காட்டினால், "அது லாபம் இல்லடா, முதலைத் தின்னுட்டு ஏப்பம் விடுறது" என்பார் எங்கள் பேராசிரியர்.

குத்துச்சண்டைக்காரனுடைய கணக்கைப் பாருங்கள். டிக்கெட் விற்றவருக்கு வரவு. டி.வி.க்கு வரவு. சூதாட்ட விடுதிக்கு வரவு. மேனேஜருக்குப் பங்கு, பயிற்சியாளருக்குப் பங்கு. டிக்கெட் வாங்கிக் கைதட்டிய நமக்கும் ஒரு சந்தோஷம் வரவு. தேய்மானம் மட்டும் ஒரே ஒரு உடம்பில் எழுதப்படுகிறது. அதுவும் அன்றைக்கே எழுதப்படுவதில்லை, பத்து வருடம் கழித்து மொத்தமாக வருகிறது. அதற்குள் வரவு வாங்கியவர்கள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

சரி, பையனுடைய கேள்விக்கு வருவோம். அவர் உடம்பு, அவர் இஷ்டம். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்க அரசாங்கத்தையே பார்த்து 'முடியாது' என்று சொன்ன மனிதர் அலி. ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டபோதும் அசையவில்லை. கடைசியில் 1971-ல் உச்ச நீதிமன்றம்தான் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அப்படிப்பட்டவருக்கு, 'உனக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியும், வீட்டில் உட்கார்' என்று சொல்ல நாம் யார்? அவர் அடி வாங்கிப் பெற்ற காசை வேண்டாம் என்று சொல்ல, அடி வாங்காத நமக்கு என்ன யோக்கியதை?

தடை போட்டுப் பார்த்த நாடுகளும் உண்டு. ஸ்வீடன் 1970-ல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குத் தடை போட்டது. நார்வே 1981-ல் போட்டது. இரண்டுமே பிற்பாடு தடையைத் தளர்த்தின. ஆசைப்பட்டு வருகிறவனை அரசாங்கம் வாசலிலேயே நிறுத்துவது சரியா என்பது வேறு விவாதம். என் கேள்வி அது இல்லை. வந்துவிட்டான், அடி வாங்குகிறான். போதும் என்று அவனே சொல்வானா?

மாட்டான். சொல்லத் தெரியாமல் இல்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவன் தொழில். வலிக்கிறது என்று காட்டாமல் நிற்பதற்குத்தான் அவனுக்குக் காசு கொடுக்கிறோம். சின்ன வயதிலிருந்து அதைத்தான் பழக்குகிறோம். கடைசியில் ஒருநாள், 'வலித்திருந்தால் அவனே சொல்லியிருப்பானே' என்று கையை விரித்தால் அது அயோக்கியத்தனம் இல்லையா? அந்த விளையாட்டை உண்டாக்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் துண்டை அடி வாங்குகிறவன் கையில் கொடுக்காமல், பக்கத்தில் நிற்பவன் கையில் கொடுத்தார்கள்.

அப்படி நின்ற ஒருவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1975 அக்டோபர் 1, மணிலா. அலியும் ஜோ ஃப்ரேசியரும் மூன்றாவது முறையாக மோதுகிறார்கள். பதினான்கு ரவுண்டு முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி, மூன்றே நிமிடம். ஃப்ரேசியருக்கு முகம் வீங்கிக் கண் ஏறக்குறைய மூடிவிட்டது. வருகிற குத்து தெரியவில்லை. பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை எழுந்திருக்க விடவில்லை, சண்டையை நிறுத்திவிட்டார். ஃப்ரேசியர் மல்லுக்கு நின்றார். ஃபட்ச் மசியவில்லை.

யோசித்துப் பாருங்கள். எதிரே அலியும் அன்று சாகக்கிடந்த நிலைதான். அந்த மூன்று நிமிடத்தில் ஃப்ரேசியர் ஜெயித்திருக்கவும் கூடும். ஜெயித்தால் ஃபட்ச்சுக்கும் பணம், புகழ் எல்லாம்தான். அதையெல்லாம் சேர்த்துத்தான் அவர் வீசினார். தன் பங்கையும் போட்டு வீசினால்தான் அது துண்டு. மற்றதெல்லாம் வெறும் அட்வைஸ்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் லாஸ் வேகாஸ், மணிலா என்று சுற்றியது, இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வர வேண்டும் என்பதற்காகவும்தான்.

1998-ல் பட்டம் வாங்கியதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் அக்கவுன்ட்ஸ் வேலை பார்த்தேன். பிரஸ்ஸில் விரலை விட்ட தொழிலாளிகளுக்கு நஷ்டஈட்டுப் படிவம் நிரப்புவதும் என் மேஜைக்குத்தான் வரும். 1923-ம் வருடத்துச் சட்டம் அது. பின்னால் ஒரு பட்டியல் இருக்கும். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகிதம் நஷ்டம். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. முதல் தடவை அதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது, இறைச்சிக் கடை விலைப்பலகை மாதிரி. பிறகு புரிந்தது, அந்தப் பட்டியலில் ஒரு நேர்மை இருக்கிறது. இந்தத் தேய்மானம் உன் கணக்கில் மட்டும் இல்லை, வேலை வாங்கியவன் கணக்கிலும் உண்டு என்கிறது.

ஆனால் என் அப்பாவுக்குப் போனது விரல் இல்லை. இருபத்தைந்து வருடம் சம்மட்டி மெஷின் பக்கத்தில் நின்று காது போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால், எந்தத் தேதியில் போனது என்று படிவத்தில் எழுத முடியாது. யாரும் எழுதவும் இல்லை. கையிலும் ஒரு நடுக்கம். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். வீட்டில் நாங்கள் கத்திப் பேசி, அவர் வேறு எதையோ புரிந்துகொண்டு பதில் சொல்ல, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த நிலையிலும் வாரத்தில் நான்கு நாள் ஓ.டி. பார்ப்பார். "எனக்கென்ன, இன்னும் பத்து வருஷம் தாங்குவேன்" என்பார்.

'போதும்ப்பா, நிறுத்திடுங்க.' இரண்டே வார்த்தை. ஊரான் வீட்டு விரலுக்கெல்லாம் படிவம் நிரப்பிய எனக்கு, அதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாதா? தெரியும். சொல்லவில்லை. காரணம் இருந்தது. 2000-ல் நான் அந்த வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்குப் போனேன். பாதிச் சம்பளம். அப்பாவின் ஓ.டி. காசு வந்ததால்தான் அந்தப் பாதிச் சம்பளத்தில் என்னால் கனவு காண முடிந்தது. "அவருக்கு வேலை செய்யாம இருக்க முடியாது, விட்டா உடைஞ்சுபோயிடுவார்" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்னும் ஒரு ரவுண்டு விடுங்கள் என்று லாஸ் வேகாஸில் கெஞ்சினாரே, அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவராவது வாய்விட்டுச் சொன்னார்.

துண்டை வீசியது அம்மா. 2001-ல் ஒருநாள் காலை அப்பா குளித்துவிட்டு வந்து பார்த்தால், டிபன் கேரியர் நிரப்பப்படாமல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "இனிமே இதுல சோறு கட்ட மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். வீட்டு வரவில் பாதிக்கு மேல் அன்றோடு நின்றது. காய்கறி வாங்குவதிலிருந்து பால் கணக்கு வரை எல்லாவற்றிலும் அவள்தான் அதை ஈடுகட்டினாள். அப்பா கத்தினார். நான் என்ன கிழவனா என்றார். பத்து நாள் அம்மாவோடு பேசவில்லை. பதினோராவது நாள் காபி கேட்டார்.

அலி இறந்த செய்தி 2016 ஜூனில் பேப்பரில் வந்தது. அப்போது நாங்கள் அண்ணனூருக்குக் குடிவந்துவிட்டோம். அப்பாவுக்கு அறுபத்தொன்பது. காதில் மெஷின். வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார். நேரு ஸ்டேடியம் கதையை இன்னொரு தடவை சொன்னார். பிறகு, காது கேட்காதவர்களுக்கே உரிய சத்தத்தில், தெருவுக்கே கேட்கும்படி என்னைக் கேட்டார்.

"பாவம்டா. அத்தனை பேரு கூட இருந்தாங்களே, ஒருத்தன்கூடவா அவனை நிறுத்தல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நிறுத்தினா மட்டும் என்ன? பத்து நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க."

அப்பாவுக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியாது. சிரித்தார்.

டீக்கடைப் பையனிடம் பாக்ஸிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டான். "உன் மூலையில் யார் நிற்கப்போறாங்கன்னு முதல்ல பார்த்துக்கோ. நீ தோத்தா தனக்கும் நஷ்டம்னு தெரிஞ்சும் உன்னை நிறுத்துற ஆளா இருக்கணும்" என்றேன். யோசித்துக்கொண்டே டீயைக் குடித்தான்.

உங்களிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், 'எனக்கென்ன, இன்னும் பத்து வருஷம் தாங்குவேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். அப்பாவோ, அக்காவோ, நைட் ஷிஃப்ட் பார்க்கும் மனைவியோ. அவரே நிறுத்துவார் என்று காத்திருக்காதீர்கள். கொஞ்சம் தோளைத் தொட்டுப் பாருங்கள். துண்டு உங்கள் மேல்தான் கிடக்கிறதோ என்னவோ.